மகாராணிக்கு ஒரு துண்டு

மரியாயி குடியிருந்த காம்பராவில் பின்சுவர் வெடித்திருந்தது. பங்குனி மாதத்தில் அந்த வெடிப்புக்குள் ஒரு தீக்குச்சி நுழைந்தது. சித்திரை பிறந்தபோது அகப்பைக் காம்பு நுழைந்தது. மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் இரண்டு பேர் ஒருநாள் வந்தார்கள். சுவரையும் பார்த்தார்கள், சுவருக்குப் பின்னால் நிமிர்ந்து நின்ற மலையையும் பார்த்தார்கள். சிவப்புப் பெயின்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். மழை பிடிப்பதற்கு முன்னால் இந்த வீட்டை விட்டுவிட வேண்டும் என்று தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம் சொன்னார்கள். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்த மனிதர்கள். ஆகையால் இந்தக் கதையில் அவர்களுக்கு இதற்கு மேல் இடமில்லை.

மரியாயி கல்லுத்தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். ஐம்பத்திரண்டு வயது. அவள் புருசன் தோமஸ் போன வருசம் தேயிலை மலையின் தண்ணீர்க் கானில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவன். கட்டிலிலிருந்து பக்கத்து நாற்காலிக்குப் போவதே அவனுக்கு ஒரு பிரயாணம். அந்தக் கட்டில் பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. முன்பக்கம் கூரை ஒழுகியதால் அதற்கு வேறு இடமும் இல்லை. அரநாயக்கவில் மலை இறங்கிய வருசம், அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த சித்தி மகளைத் தேடிப் போனவள் மரியாயி. தனியாகத்தான் திரும்பி வந்தாள். அன்று முதல் மழைச் சத்தம் கேட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

போக்கிடம் இல்லாமலில்லை. பலாங்கொடையிலிருந்து பஸ் ஏறி வந்தால், ஒன்றையொன்று ஒட்டி மூன்று தோட்டங்கள். கம்பனிப் பலகையில் அவற்றுக்கு இங்கிலீசுப் பெயர்கள் இருந்தன. சனங்களுக்குக் கல்லுத்தோட்டம், மூங்கித்தோட்டம், கித்துள்தோட்டம். கித்துள்தோட்டத்தில், அழகமுத்து, சின்னம்மா என்ற புருசன் பெண்சாதி இருக்கும் காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பரா ஒரு வருசமாகப் பூட்டிக் கிடந்தது. நல்ல சுவர், பின்னால் மலையும் இல்லை. கித்துள்தோட்டத்தை நடத்துகிற தொரையும் மறுக்கவில்லை. "ஒங்க தோட்டத்துல ஒரு துண்டு வாங்கிட்டு வாங்க, சாவியத் தாறேன்" என்றிருந்தார்.

துண்டு என்பது தோட்டக் கந்தோரில் எழுதிக் கொடுக்கிற சீட்டு. ஆஸ்பத்திரிக்குப் போக, அரிசி எடுக்க, ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக, எல்லாவற்றுக்கும் துண்டு. துண்டில்லாமல் வீடு மாறினால் இரண்டு தோட்டத்துப் பதிவிலும் பேர் இருக்காது. மரியாயியின் அப்பனும் பாட்டனும் இதைப் பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளையாக வைத்திருந்தவர்கள். அவளும் அப்படியே. சித்திரை வருசப்பிறப்பு லீவு முடிந்து கந்தோர் திறந்ததும் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

லீவு முடிந்து கந்தோர் திறந்தபோது கல்லுத்தோட்டம் என்று ஒன்று இருக்கவில்லை.

நடந்தது இதுதான். கம்பனி தனது உயர் அதிகாரி ஸ்ரீதரனைப் பதினொரு நாள் பயிற்சிக்காகச் சுவீடனுக்கு அனுப்பியிருந்தது. பத்து நாள் வகுப்பு. பதினோராம் நாள் சுற்றுலாவில் கல்மார் என்ற ஊரில் ஒரு கோட்டையைக் காட்டியிருக்கிறார்கள். பத்து நாள் படித்தது அவருக்கு விமானத்திலேயே மறந்துபோயிற்று. கோட்டை மறக்கவில்லை.

வந்த வாரமே, காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் மூன்று தோட்டத்துச் சனத்தையும் நிறுத்தினார்கள். ஸ்ரீதரன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அன்பான தொழிலாளர்களே. ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றேழாம் ஆண்டு. டென்மார்க், நோர்வே, சுவீடன். மூன்று நாடு, மூன்று சனம். மார்கரெட் என்ற மகாராணி அவர்களைக் கல்மார் கோட்டைக்கு வரவழைத்து, ஒரே கிரீடத்தின் கீழ் கொண்டுவந்தாள். நூற்றிருபத்தாறு வருசம் ஒற்றுமை. இடையில் நடந்தவற்றைச் சிலர் யுத்தம் என்கிறார்கள். அது தவறு. நாடு ஒன்றாகிவிட்டபின் யுத்தம் எப்படி வரும்? அவை கலகங்கள். இன்று முதல் உங்கள் மூன்று தோட்டமும் ஒரே கிரீடத்தின் கீழ் வருகின்றன. இதனால் உங்களுக்கு என்ன நன்மை என்று கேட்பீர்கள். கேட்கக் கூடாது. ஒற்றுமையே நன்மை."

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டினால்தான் மலைக்கு வேலைக்குப் போக விடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர் மேலும் விளக்கினார். கல்மார் ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாடும் தன் தன் சட்டத்தை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெருந்தன்மை இங்கேயும் இருக்கும். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்று கல்லுத்தோட்டத்தில் இரண்டு கிலோ கழிப்பார்கள், மூங்கித்தோட்டத்தில் மூன்று, கித்துள்தோட்டத்தில் ஒன்று. எந்தத் தோட்டத்துச் சட்டத்தையும் அவமதிக்கக் கூடாது என்பதால் இனி எல்லாரிடமும் மூன்றும் சேர்த்து ஆறு கிலோ கழிக்கப்படும். அதேபோல ஒரு நாட்டில் நாடு கடத்தப்பட்டவன் மூன்று நாட்டிலும் நாடு கடத்தப்பட்டவன் என்றும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. ஆகவே ஒரு தோட்டத்தில் பேர் வெட்டினால் மூன்றிலும் பேர் போகும்.

"நல்லதா ஏதும் மூணா வருமா சார்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். கங்காணி திரும்பிப் பார்த்தார். கேட்டவர் கிடைக்கவில்லை.

அன்று பகலுக்கு மரியாயி கந்தோருக்குப் போனாள். கிளாக்கர் பிரதீபன் அவளுக்குத் தெரிந்த பையனாக இருந்து, படித்து, கழுத்துப்பட்டி கட்டியவன்.

"தம்பி, கித்துள்தோட்டத்துக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்க."

பிரதீபன் பேனாவை எடுத்தான். பிறகு கீழே வைத்தான்.

"அக்கா, ஒரு தோட்டத்துலேருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போறதுக்குத்தான் துண்டு. இப்ப எல்லாம் ஒரே தோட்டம். நீங்க போறேங்கிறது போறதே இல்ல."

"அப்ப துண்டு இல்லாமலே போகலாமா?"

"ஐயோ, துண்டு இல்லாம எப்பிடிப் போறது?"

"நான் இங்க இருக்கேன் தம்பி. அந்தக் காம்பரா அங்க இருக்கு."

பிரதீபன் ஒரு சுற்றறிக்கையை எடுத்து விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான். நாலாம் இலக்கம். ஸ்ரீதரன் கையெழுத்து. "ஒன்றிப்புக்கு உள்ளே நிகழும் எந்த நகர்வும் நகர்வாகக் கொள்ளப்பட மாட்டாது. தொழிலாளி எங்கிருந்தாலும் இருந்த இடத்திலேயே இருப்பவர் ஆவார்." வாசித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பைல்படி நீங்க ஏற்கெனவே அங்கதான்க்கா இருக்கீங்க."

மரியாயி தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அவை கந்தோர் வாசலில்தான் இருந்தன.

பைல்படி அங்கே இருப்பதானால் போய்ச் சாவியை வாங்கிக்கொள்வதுதானே என்று மறுநாள் அவள் கித்துள்தோட்டத்துக்கு நடந்தாள். தொரை ஜன்னல் வழியே தலையை நீட்டினார். போன மாதம் அவர் வாசலில் வந்து நின்று பேசியவர்.

"சாவியெல்லாம் கொண்டு போயிட்டாங்கம்மா. கிரீடக் கந்தோருக்கு. எங்கிட்ட இப்ப என் பங்களாச் சாவி மட்டுந்தான் இருக்கு. அதையும் வெள்ளிக்கிழமை கேக்கிறாங்க."

அவள் திரும்பி வரும்போது சின்னம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள். அதுவரை இருவருக்கும் பெரிய பழக்கமில்லை. கோயில் வேறு, தோட்டம் வேறு.

"வா புள்ள. வேர்த்துக் கொட்டுது. ஒரு பிளேன்டி குடிச்சிட்டுப் போ."

தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டியும் கொடுத்தாள். அழகமுத்து பூட்டின காம்பராவின் பக்கம் கையைக் காட்டி, "உள்ளுக்கு ஒண்ணும் பழுதில்ல. நான்தான் போன வருசம் கதவு போட்டேன்" என்றான். மரியாயி சுவர் வெடித்த கதையைச் சொல்லி, குடித்துவிட்டு எழுந்தாள். கோப்பை தட்டில் சத்தம் போட்டது. அவள் கை நடுங்கியதைச் சின்னம்மா பார்த்தாள்.

கிரீடக் கந்தோர் என்பது மூங்கித்தோட்டத்துப் பழைய பங்களா. மூன்று தோட்டத்துச் சாவிகளும் அங்கே ஒரே வளையத்தில் கோக்கப்பட்டிருந்தன. அறுநூற்றுப் பன்னிரண்டு சாவிகள். வளையத்தை இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தோட்டத்துச் சாவியிலும் ஒவ்வொரு நிறத்தில் அட்டை கட்டி, வீட்டு இலக்கம் எழுதியிருந்ததாம். நிற வேற்றுமை ஒன்றிப்புக்கு ஆகாது என்று ஸ்ரீதரன் எல்லா அட்டைகளையும் வெட்டி எறிந்துவிட்டார். இப்போது எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது கர்த்தருக்கு மட்டும் தெரியும். அவரிடம் கேட்பதற்கு விண்ணப்பப் படிவம் இல்லை.

ஸ்ரீதரன் மரியாயியை உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. எதிரே இருப்பவர் பேசும்போது தான் அடுத்துப் பேச வேண்டியதை யோசிக்கிறவர், அவ்வளவுதான்.

"சார், சொவரு வெடிச்சிருக்கு. எங்கூட்டுக்காரரால எழும்பி ஓட ஏலாது."

"புரிகிறது. மார்கரெட் மகாராணிக்கும் எத்தனை வெடிப்புகள் இருந்தன தெரியுமா? ஒன்றிப்புக்கு உள்ளே வெடிப்பு என்பது இயற்கை. இருக்கட்டும், கல்லுத்தோட்டத்துச் சேர்ச்சில் மூன்று கிரீடம் இருக்கிறதாமே. சாவி உங்களிடம்தானாம்."

இருந்தது. நத்தாருக்கு மூன்று ராசாக்கள் குழந்தை இயேசுவைப் பார்க்க வருகிற நாடகம் போடுவார்கள். பிஸ்கட் தகரத்தில் வெட்டி, மஞ்சள் பூசிய மூன்று கிரீடங்கள். வருசா வருசம் அவற்றைத் துடைத்துப் பெட்டியில் வைப்பது மரியாயியின் ஊழியம்.

"முடிசூட்டு விழாவுக்குத் தேவை. ஜூன் மாதம், திரித்துவ ஞாயிறு. கல்மாரிலும் அதே ஞாயிறுதான். விழா முடிந்ததும் உங்கள் சாவி விசயத்தைக் கவனிப்போம்."

"விழா வரைக்கும் சொவரு நிக்கணுமே சார்."

"நம்பிக்கை வேண்டும்."

நம்பிக்கை என்ற சொல்லை மரியாயி மரியாதையாக வைத்திருந்தவள். கிரீடங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

வைகாசி நடுவில் மழை பிடித்தது. வெடிப்புக்குள் இப்போது அவளுடைய கை போயிற்று. உள்ளே ஈர மண் தட்டுப்பட்டது.

கிரீடக் கந்தோரில் வேறொரு சிக்கல். மூன்று கிரீடத்தையும் ஒரே கிரீடமாக்க வேண்டும். ஒரு கிரீடத்தை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பெட்டியில் போடலாமே என்று பிரதீபன் சொல்லிப் பார்த்தான். எந்தத் தோட்டத்தின் பங்கும் குறையக் கூடாது என்று ஸ்ரீதரன் மறுத்துவிட்டார். டீ பெக்டரித் தகரவேலைக்காரர் மூன்றையும் அறுத்து, நீட்டி, ஒன்றோடொன்று வைத்து ஆணி அறைந்தார். மூன்று தலைக்கான தகரமும் ஒரே வளையமாயிற்று.

அடுத்து, மகாராணி வேண்டும். விழாப் படத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண் இருந்தால் வெளிநாட்டுக்காரருக்குப் பிடிக்கும். கிரீடத்தின் சொந்தக்காரி என்று மரியாயியைக் கூப்பிட்டார்கள். ஒத்திகையில் கிரீடத்தை அவள் தலையில் வைத்தார்கள். அது தலையைக் கடந்து, தோளைக் கடந்து, இடுப்பைக் கடந்து, டங்கென்று தரையில் விழுந்தது. மகாராணி கிரீடத்துக்கு நடுவில் நின்றாள்.

ஸ்ரீதரன் சுற்றி வந்து பார்த்தார். "ஒன்றிப்பு எவ்வளவு பெரியது என்பது இப்போதுதான் எனக்கே விளங்குகிறது" என்றார்.

கடைசியில் கொழுந்துக்கூடைக் கயிற்றைக் கட்டினார்கள். கயிறு நெற்றியில், கிரீடம் முதுகில். மரியாயிக்கு அது பழகின சுமைதான்.

"சார், நான் ராணின்னா, ஒரு சாவிய எடுத்துக் குடுங்கன்னு சொல்ல ஏலாதா?"

"நல்ல கேள்வி. சரித்திரத்தில் மார்கரெட் மகாராணிக்கு எல்லா அதிகாரமும் இருந்தது; ஒன்றிப்பின் கிரீடத்தை மட்டும் அவள் தலையில் வைக்கவில்லை. உங்களிடம் கிரீடம் இருக்கிறது; அதிகாரம் மட்டும் இல்லை. ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது. கிரீடத்தை அவள் தன் அக்காள் பேரனுக்கு வைத்தாள். நீங்களும் மேடையில் வைத்துத் தூக்கிக் கொடுப்பீர்கள்."

"யாருக்கு சார்?"

"நமது சேர்மனின் மனைவியின் அக்காள் மகனுக்கு. ஒன்றிப்பின் தலைவராக வருகிறார். இருபத்துநாலு வயது. தேயிலையைப் பற்றி எந்த முன்முடிவும் இல்லாதவர். சிலர் இதைக் குடும்பச் சலுகை என்று பேசுகிறார்கள். சரித்திரம் தெரியாதவர்கள்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது தோமஸ் வலியையும் மறந்து சிரித்தான்.

"நாப்பது வருசம் கூடை சொமந்த. இப்ப கிரீடமும் அதே கயித்துலதானா?"

"சிரிக்காதீங்க. விழா முடிஞ்சா சாவி தாறாங்களாம்."

"தருவாங்க. அறுநூறு சாவியும் தருவாங்க. ஒவ்வொண்ணாப் போட்டுப் பாரும்பாங்க. நீ பாத்து முடிக்கிறப்ப எனக்கு எதுக்கு வீடு, ஒரு சிலுவை போதும்."

"அப்பிடிப் பேசாதீங்க" என்றாள் மரியாயி. அன்று இரண்டு பேரும் செபமாலை சொன்னார்கள். ஒவ்வொரு அருள்நிறைந்த மரியே முடியும்போதும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

திரித்துவ ஞாயிறு காலையிலேயே வானம் கறுத்துக் கிடந்தது. தோமஸின் தலைமாட்டில் கஞ்சியும் ஊன்றுகோலும் வைத்துவிட்டு மரியாயி புறப்பட்டாள். மூன்று ஆள் ஒரே தேவன் என்பதைச் சின்ன வயதிலிருந்து எந்தக் கேள்வியும் இல்லாமல் விசுவாசித்தவள் அவள். மூன்று தோட்டம் ஒரே தோட்டம் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

டீ பெக்டரி முற்றத்தில் பந்தல். மூன்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகள், காவல்காரர்கள், தொரைமார் எல்லாரும் வந்தாக வேண்டும் என்று கட்டளை. மேடையில் ஒரு மேசை. மேசையில் ஒரு தாள். பக்கத்தில் பதினேழு றப்பர் முத்திரைகள். கல்மார் ஒப்பந்தத்தில் பதினேழு பேரின் பேர் எழுதியிருந்ததாம். ஆனால் முத்திரை குத்தினவர்கள் பத்துப் பேர்தானாம். அதையும் பிசகாமல் செய்ய வேண்டும் என்பது ஸ்ரீதரனின் ஆசை. ஆகவே, எந்த ஏழு பேர் குத்தக் கூடாது என்பதில் முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. குத்தாதவர்களுக்குத்தான் கௌரவம் அதிகம் என்று யாரோ கிளப்பிவிட, பிறகு குத்துவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

கிரீடம் சூட வேண்டிய அக்காள் மகன் வந்து சேரவில்லை. வழியில் ரோட்டில் மண் சரிந்து கார் நின்றுவிட்டதாகப் போன் வந்தது. "எங்கள் ரோட்டிலா?" என்று ஸ்ரீதரன் ஆச்சரியப்பட்டார். மகாராணி கிரீடத்தை முதுகில் சுமந்தபடி நின்றாள். மழை ஆரம்பித்தது. தொடங்கும்போதே ஓங்கித் தொடங்கியது.

அவர் ஒலிவாங்கியில் நேரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். "அந்த ஒப்பந்தம் தோலில் எழுதப்படவில்லை. அந்தக் காலத்தில் பெரிய உடன்படிக்கை என்றால் தோலில் எழுதி, முத்திரைகளைத் தொங்கவிட வேண்டும். இது வெறும் தாளில். தோலில் பிறகு எழுதுவோம் என்று வைத்தார்கள். அந்தத் தோலை இன்றுவரை யாரும் கண்டதில்லை."

மரியாயிக்கு ஏதோ விளங்குவதுபோல் இருந்தது. பக்கத்தில் போய்க் கேட்டாள். ஒலிவாங்கி அதையும் எல்லாருக்கும் சொல்லிற்று.

"அப்ப அவங்களுதும் ஒரு துண்டுதானா சார்? அதுவும் சரியா எழுதாத துண்டா?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஸ்ரீதரனுக்கு அதில் குற்றம் தெரியவில்லை. "ஆமாம். அதுதான் அதிசயம். சரியாக எழுதாத ஒரு தாளில் மூன்று நாடு நூற்றிருபத்தாறு வருசம் இருந்தன."

"கடைசியில என்னா ஆச்சு சார்?"

"கடைசியிலா? ஸ்டொக்ஹோமில் ஒரு முடிசூட்டு விழா. மூன்று நாள் விருந்து. யாரையும் ஒன்றும் செய்ய மாட்டோம் என்று ராசா வாக்குக் கொடுத்திருந்தார். விருந்து முடிந்ததும் கோட்டைக் கதவைப் பூட்டி, எண்பது பேருக்கு மேல் தலையை வெட்டினார்கள். ஆனால் அது எமது திட்டக் காலத்துக்குள் வராது."

பெக்டரித் தகரக் கூரையில் மழை அறைந்தது. மரியாயி மலைப்பக்கம் பார்த்தாள். மலை இருந்த இடத்தில் வெள்ளையாகத் தண்ணீர் மட்டுந்தான் தெரிந்தது.

"சார், நான் போறேன். அவரு தனிய இருக்காரு."

"முத்திரை குத்தி முடியும்வரை மகாராணி இறங்க முடியாதே."

"குத்துங்க சார். நான் போறேன்."

அவள் மேடையை விட்டு இறங்கினாள். நாற்பது வருசத்தில் உத்தரவு கிடைக்காமலே அவள் கிளம்பிப் போனது அன்றுதான். முதுகில் கிரீடம் இருந்ததை அவளும் நினைக்கவில்லை, மற்றவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு மைல் குறுக்குப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். தகரத்தில் மழை அடித்து அடித்து, தனக்குப் பின்னால் யாரோ மேளம் கொட்டிக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

காம்பரா வாசலில் நின்றாள். பின்சுவர் இல்லை. அது உள்ளே படுத்துக் கிடந்தது. சிவப்புக் குறி போட்ட பகுதி முழுசாக, கட்டில் கிடந்த இடத்தின்மேல் விழுந்திருந்தது. அதன்மேல் முழங்கால் உயரத்துக்குச் செம்மண்.

முட்டிபோட்டு மண்ணைக் கையால் வாரினாள். வாரிக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று உறைத்தது. கட்டிலின் கால் ஒன்றுகூடக் கையில் படவில்லை. சட்டி பானை இல்லை. சுவரில் தொங்கின மாதா படம் இல்லை; ஆணி மட்டும் இருந்தது. சுவர் மனிதரைக் கொல்லும். படத்தை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு போகாது.

வாசற்படியில் கரித்துண்டால் எழுதியிருந்தது, மழைத் தூவானத்தில் பாதி கரைந்து: சின்னம்மா வீட்டுக்கு வா.

கித்துள்தோட்டத்தில், பூட்டிக் கிடந்த காம்பரா திறந்திருந்தது. பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. கொண்டியோடு சேர்ந்து கழன்று, கதவில் தொங்கிற்று. உள்ளே நல்ல சுவரோரம் கட்டில். கட்டிலில் தோமஸ் சுடச்சுட ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"வாங்க மகாராணி" என்றான்.

மரியாயி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னம்மா வந்து நெற்றியிலிருந்த கயிற்றை எடுத்து, கிரீடத்தை இறக்கி, தலையைத் துவட்டிவிட்டாள்.

"அன்னைக்கு ஒன் கை நடுங்குச்சு புள்ள. அதுலேருந்து எனக்குத் தூக்கமில்ல. இந்த மனுசங்கிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"சாவிதானே கம்பனிக்கிட்ட" என்றான் அழகமுத்து. "கொண்டி நான் அடிச்சது. நாலே ஆணி. காவக்காரங்க இல்லாத நேரமாப் பாத்தோம். இன்னைக்கு எல்லாரும் விழாவுக்குப் போவாங்க, பத்து மணிக்கு மேல ஒருத்தனும் இருக்க மாட்டான்னு கிளாக்கரு தம்பிதான் சொல்லிவிட்டுச்சு. மூணு தோட்டத்துப் பயலுகளும் வந்தாங்க. கட்டிலோட தூக்கிட்டு வந்தோம். வழி முழுக்க இவரு நக்கல் வேற."

"பல்லக்குல போறதுன்னா சும்மாவா" என்றான் தோமஸ்.

"துண்டு இல்லையே" என்றாள் மரியாயி. அந்த நிலையிலும் அவளுக்கு அது வந்தது.

சின்னம்மா அவளைப் பார்த்தாள். "மொதல்ல சாப்புடு" என்றாள்.

அன்று மழைச் சத்தத்தோடு சேர்த்து மரியாயி இரண்டு ரொட்டி சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் பகல் ஸ்ரீதரன் வந்தார். பிரதீபன் பைலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். மழை விடவில்லை. ஸ்ரீதரனின் குடை காற்றில் மேல்நோக்கி விரிந்து, வானத்திலிருந்து தண்ணீரைச் சேகரித்து அவர் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் வாசலுக்கு வெளியே நின்றே வாசித்தார்.

"துண்டில்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மற்றத் தோட்டத்துக்கு மாறிய குற்றம். மூன்று தோட்டத்திலும் உங்கள் பெயர் வெட்டப்படுகிறது. இருபத்துநாலு மணித்தியாலத்தில் இந்தக் காம்பராவை விட வேண்டும். விழாவின் நடுவில் கிரீடத்துடன் தலைமறைவானது தனிக் குற்றம். அது பிறகு வரும்."

தோமஸ் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டான். சின்னம்மா சேலைத் தலைப்பை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்கு முன்னால் பிரதீபனின் குரல் வந்தது.

"சார், பைல்படி அவங்க எங்கயும் போகல."

"என்ன?"

பிரதீபன் சட்டைக்குள்ளிருந்து நாலாம் இலக்கச் சுற்றறிக்கையை எடுத்தான். "ஒன்றிப்புக்கு உள்ளே நிகழும் எந்த நகர்வும் நகர்வாகக் கொள்ளப்பட மாட்டாது. ஒங்க கையெழுத்து சார். ஒரு தோட்டத்துலேருந்து மத்தத் தோட்டத்துக்கு மாறினாங்கன்னு எழுதினா, ரெண்டு தோட்டம் இருக்குன்னு ஆயிரும். சேர்மனுக்கு அனுப்பின அறிக்கையில ஒண்ணுதான் இருக்குன்னு போட்டிருக்கோம்."

ஸ்ரீதரன் சுற்றறிக்கையை இரண்டு முறை வாசித்தார். தன் எழுத்தை அவர் அவ்வளவு கவனமாக வாசித்தது அதுவே முதல்தடவையாக இருக்கலாம். கையிலிருந்த கடிதத்தின் மையை மழை கழுவிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தடுக்கவில்லை.

"கிரீடம்?" என்றார் கடைசியில்.

உள்ளே, மாதா படத்துக்குக் கீழே ஒரு பலகை. அதன்மேல் மூன்று சின்னக் கிரீடங்கள் வரிசையாக இருந்தன. ஆணியைத் தட்டிக் கழற்றி, வளைத்து, ஓரத்தை அரத்தால் ராவியிருந்தான் அழகமுத்து. முன்பைவிட ஒரு விரல் சின்னதாகிவிட்டன. நத்தாருக்கு ராசா வேசம் போடுகிறவர்கள் கொஞ்சம் தலை சின்னவர்களாக இருக்க வேண்டியதுதான்.

"இது ஒன்றாக இருந்ததே" என்றார் ஸ்ரீதரன்.

"மூணாத்தான் சார் வாங்கிட்டுப் போனீங்க" என்றாள் மரியாயி.

ஸ்ரீதரனின் குடை உடைந்துவிட்டது. கால் சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. கொழும்பிலிருந்து வந்த மனிதர். உடம்பு நடுங்க ஆரம்பித்தது. கந்தோருக்கு இரண்டு மைல். உள்ளே வந்தால் இந்தக் குடியிருப்பை ஏற்றுக்கொண்டதாகுமோ என்று யோசித்து, ஒரு காலைப் படியில் வைத்து, மறுபடி எடுத்தார்.

மரியாயி அவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அந்த மனிதரால் அவள் தோமஸை இழந்திருப்பாள். அது அவளுக்குத் தெரியும், அவள் அதை மறக்கவும் போவதில்லை. ஆனாலும் மழை பெய்துகொண்டிருந்தது.

"நனையிறீங்க சார். உள்ளுக்கு வாங்க" என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே அடுப்பில் கேத்தலை வைத்தாள்.

ஸ்ரீதரன் வந்து உட்கார்ந்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். அவரிடம் யாரும் துண்டு கேட்கவில்லை.